ஒன்பது தாள் ஒப்பந்தமும் வக்கீல் சாரும்

நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், மூன்று மாடிக் கட்டடத்தின் கீழே மூலைக்கடை. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருந்தாலும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடையை ஜெராக்ஸ் கடை என்றார்கள், அவரை ஜெராக்ஸ்காரர் என்றார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் கைபடாத சட்டக் காகிதம் அந்தத் தெருவில் இருந்திருக்காது. வழக்கு மனு, உயில், பாகப்பிரிவினை, ஜாமீன், விவாகரத்து எல்லாம் அவருடைய கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்துதான் நீதிபதியிடம் போகும். ஆனால் அவற்றில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை.

சோம்பல் இல்லை, கொள்கை. அடுத்தவர் காகிதத்தைப் படிப்பதும் அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றுதான். பழகப் பழக அவர் கண்ணே அப்படி ஆகிவிட்டது. ஒரு தாளை நீட்டினால் ஓரம் மடங்கியிருக்கிறதா, முத்திரை மங்கலாக இருக்கிறதா, பின் குத்திய ஓட்டை எங்கே என்பதெல்லாம் அரை நொடியில் தெரிந்துவிடும். என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

படிக்கிற வேலையை அவர் மனைவி பார்த்துக்கொண்டாள். கடைக்குள் வலப்பக்கம், ஸ்டேப்ளர் மேசைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு முக்காலி. பக்கங்களை அடுக்கும்போதே கண் ஓடும். வாடிக்கையாளர் போன பிறகு, "பாவங்க, அண்ணன் தம்பிக்குள்ள ஒரு கிணத்துக்காக இருபது வருஷமா கேஸு," என்பாள்.

"உஷ்! நமக்கெதுக்கு அதெல்லாம்?"

"நமக்கெதுக்குன்னா எதுக்கு முன்னாடியே இவ்வளவு பெரிய எழுத்துல அடிச்சு வச்சிருக்காங்க?"

அவள் காலமாகிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. முக்காலி அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் அவர் எதையும் வைப்பதில்லை. யாராவது கால் வலிக்கிறது என்று உட்கார வந்தால் மட்டும், "உக்காருங்க, உக்காருங்க," என்று இரண்டு தடவை சொல்வார்.

கடைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. வெள்ளைத்தாள் வாடிக்கையாளருக்கு, சொந்த உபயோகத்துக்கு நீலத்தட்டு. இயந்திரத்தில் கோணலாக விழுந்தது, மை கசிந்தது, தவறி இரண்டு தடவை வந்தது எல்லாம் மறுபக்கம் வெறுமையாக இருக்குமே, அவற்றை நீலத்தட்டில் போட்டு வைப்பார்கள். மளிகைச் சீட்டிலிருந்து மகளின் வீட்டுப்பாடம் வரைக்கும் அந்தக் குடும்பத்தின் எழுத்து முழுவதும் ஊராருடைய வழக்குகளின் முதுகில்தான் எழுதப்பட்டது.

மாதம் பிறந்த முதல் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது.

மாப்பிள்ளை என்றால் ஜெராக்ஸ்காரரின் மாப்பிள்ளை இல்லை. கட்டடத்துச் சொந்தக்காரரின் மருமகன். கிழவனார் அவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்று அழைத்து அழைத்து, வாடகைக்கு இருந்த எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். கிழவனார் உடம்பு முடியாமல் படுத்ததும் நிர்வாகம் இவர் கைக்கு வந்தது. கடிதம் சுத்தமான அச்சில், நல்ல தாளில் இருந்தது. 'ஒப்பந்தப்படி முன்னறிவிப்பு கொடுக்கிறோம். இந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்து தரவும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.'

இதை மட்டும் அவர் படித்தார். படித்துவிட்டு இயந்திரத்தை அணைத்தார். மறுபடி போட்டார். நல்ல பகல்வேளையில் அதை அணைத்ததே இல்லை.

வேறூரில் வேலை பார்க்கும் மகளிடம் அன்றைக்கே சொன்னார். மகள் ஒரு செயலி செய்யும் கம்பெனியில் இருந்தாள். சட்டக் காகிதத்தைப் படமெடுத்துப் போட்டுக் கேள்வி கேட்டால், அரட்டை மாதிரியே பதில் சொல்லும் செயலி. அதன் மூளையைச் செய்தது வேறு யாரோ. மக்கள் அதை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தத் திரையில் திணறுகிறார்கள், எங்கே விரல் வழுக்குகிறது என்று பார்த்துத் திருத்துவது அவள் வேலை.

"அப்பா, நம்ம ஒப்பந்தம் எங்க இருக்கு?"

"அசல் அவங்ககிட்ட. நமக்கு உங்கம்மா எடுத்து வச்ச நகல் இருக்கு. ஒன்பது தாள்."

"அத நம்ம ஆப்புல போடுங்க. அனுப்பி வைக்கிறேன். நீங்களே பண்ணிடலாம், அவ்வளவு ஈசி. நான்தான பண்ணினேன்."

"வக்கீல் மாதிரி சொல்லுமா?"

"மாதிரிதான். வக்கீல் இல்ல. கேட்டுப் பாருங்க, எதுவா இருந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க."

புதன்கிழமை காலை, நீதிமன்றம் கூடித் தெரு ஓய்ந்த நேரத்தில் அவர் கைபேசியை ஸ்டேப்ளர் மேசைமேல் சாய்த்து வைத்தார். ஒலிவாங்கிப் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கைகட்டி நின்று பேசினார்.

"வணக்கம் வக்கீல் சார். நல்லா இருக்கீங்களா?"

பதில் இல்லை. தட்டினால் போதாது, பேசி முடிக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க நாலு வணக்கம் செலவானது. ஐந்தாவது போய்ச் சேர்ந்தது.

'வணக்கம். நான் ஒரு மென்பொருள் உதவியாளர், வழக்கறிஞர் அல்ல. தங்கள் ஆவணத்தைப் பதிவேற்றலாம்,' என்று வந்தது.

எவ்வளவு தன்னடக்கம் என்று அவருக்குத் தோன்றியது. எதிர்வரிசையில் கறுப்பு அங்கி போட்டவர்கள் யாரும் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

முதல் தாளைப் படமெடுத்தார். 'பின்பக்கத்தையும் எடுக்கவும்' என்று திரை சொன்னது. 'அடுத்து' என்ற பட்டை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது, அழுத்தினாலும் அசையவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படமெடுத்ததும் பட்டை பச்சையாக உயிர்பெற்றது. அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒழுங்கான வேலை. பின்பக்கத்தை விட்டுவிட்டு வந்து நிற்கும் எத்தனை பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்! ஒன்பது தாள், பதினெட்டுப் படம், ஒன்றுகூடக் கோணல் இல்லை, நிழல் விழவில்லை. கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். கேட்டதைக் கொடுப்பதுதானே அவர் தொழில்.

"சார், மாசக் கடைசியில கடையக் காலி பண்ணச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. பண்ணித்தான் ஆகணுமா?"

மூன்று புள்ளிகள் துள்ளின. பிறகு பதில் கடகடவென்று இறங்கியது. 'தங்கள் ஆவணத்தை முழுமையாக ஆராய்ந்தேன். பிரிவு 22-இன்படி, நிர்வாகம் கேட்டுக்கொண்டால், காரணம் எதுவும் கூறாமலேயே, முப்பது நாட்களுக்குள் தாங்கள் இடத்தைக் காலி செய்ய ஒப்புக்கொண்டுள்ளீர்கள். வந்துள்ள கடிதம் இதற்கு இணக்கமாகவே உள்ளது. பதில் கடிதம் தயாரிக்கட்டுமா?'

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பதில் தவறாகவும் இருக்கலாம், சரிபார்க்கவும் என்று. தீர்ந்துபோன மையில் அடித்த மாதிரி அவ்வளவு வெளிறிய எழுத்து. அவர் கண்ணுக்கு அது விழவில்லை.

தயாரிக்கச் சொன்னார். மரியாதையான கடிதம் வந்தது. 'மாத இறுதிக்குள் கடையைக் காலி செய்து ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்.' அதை அச்செடுத்து, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தார். மகள் கூப்பிட்டபோது, "பாத்துட்டேன் பாப்பா, அப்புறம் சொல்றேன்," என்று வைத்துவிட்டார். சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். எங்கிட்டயே வந்துடுங்கப்பா என்பாள். அவள் வீடு நல்ல வீடுதான். ஆனால் அங்கே அவர் காலையில் எழுந்து எந்தக் கதவைத் திறப்பார்?

வியாழக்கிழமை அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரில் பதித்த அலமாரி யாருடையது? இயந்திரத்துக்காகப் போட்ட தனி மின்இணைப்பு? வேறு யாரைக் கேட்பது, வக்கீல் சாரையே கேட்டார்.

"சார், காலி பண்றப்ப என் மிஷினையும் அலமாரியையும் எடுத்துட்டுப் போகலாமா?"

'எடுத்துச் செல்லலாம். ஆனால் படுக்கை விரிப்பு ஒன்றும் தலையணை உறை இரண்டும் துவைத்து ஒப்படைக்கப்பட வேண்டும். மேலும், காலி செய்யும் நாள்வரை, இரவு ஒன்பது மணிக்குமேல் இடத்தினுள் ஆண்கள் இருக்க அனுமதியில்லை.'

ஜெராக்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், நானே ஆம்பளதான். என்னையே உள்ள விடக்கூடாதுங்களா?"

'நியாயமான கேள்வி. இந்த விதியில் குத்தகைதாரருக்கு விலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை.'

"வேற என்னெல்லாம் இருக்கு?"

'நீச்சல் குளத்தில் தலைத்தொப்பி கட்டாயம். குழந்தையை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமைகளில் தந்தையிடம் அனுப்ப வேண்டும்.'

"என் பொண்ணுக்கு முப்பத்தொரு வயசாகுது சார்."

'வாழ்த்துகள். ஆயினும் ஆவணத்தில் வயது வரம்பு தெளிவாக இல்லை.'

அவர் சிரிக்கவில்லை. யாரோ தன்னைக் கேலி செய்கிறார்களோ என்றுகூட நினைத்தார். "எங்க சார் எழுதியிருக்கு இந்தப் பெட்ஷீட்டு?" என்றார். 'தாள் 4, பின்பக்கம்' என்று பதில் வந்தது. நாலாவது தாளை உருவி எடுத்துத் திருப்பினார்.

எழுத்தை அவர் பார்க்கவில்லை, எப்போதும் போல. அவர் கண்ணில் பட்டது கோடு. இடது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழே முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார். பழைய இயந்திரத்தின் உருளையில் கீறல் விழுந்த வாரம் அது. அந்த வாரம்தான் பெண்கள் விடுதி ஒன்றின் விதிமுறைப் புத்தகம் இருநூறு பிரதி கேட்டு வந்தது. அறுபது பிரதி கோடு விழுந்து வீணாகி, எல்லாம் நீலத்தட்டுக்குப் போனது. மற்ற தாள்களையும் வரிசையாகத் திருப்பினார். இது மை கசிந்த வாரம், நீச்சல் சங்கம். இது கோணலாய் இழுத்த நாள், யாரோ ஒரு தம்பதியின் மனு.

மனைவி நகல் எடுத்தாளே, சொந்த உபயோகத்துக்கு என்று நீலத்தட்டுத் தாளில் எடுத்துவிட்டாள். வேறு எதில் எடுப்பாள்?

கடைக்குள் தனியாக நின்று ஜெராக்ஸ்காரர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கியதும் மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உன் வக்கீல் சார் என்னை லேடீஸ் ஹாஸ்டல்ல சேத்து விட்டுட்டாரு."

"என்னப்பா சொல்றீங்க?"

சொன்னார்.  மறுமுனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ அப்பா! பின்பக்கத்த எதுக்கு எடுத்தீங்க?"

"அது விடலையேம்மா! எடுத்தாத்தான் பச்சையாகுது. அப்பிடி வச்சது யாரு?"

"...நான்தான்."

"சரியாப் போச்சு."

"இல்லப்பா, பன்னெண்டு பேர உக்கார வச்சுப் பாத்தோம். பதினோரு பேர் பின்பக்கத்த விட்டுட்டாங்க. அதனாலதான் கட்டாயமாக்கினேன். இதுக்கு ஆபீஸ்ல எனக்குக் கைதட்டெல்லாம் கெடச்சுது தெரியுமா?"

"அந்தப் பன்னெண்டு பேரும் பின்னால வெள்ளையா இருக்கற பேப்பர் வச்சிருக்கற மனுசங்க. நீ யார் வீட்டுப் பொண்ணு? நீ வாய்ப்பாடு எழுதிப் பழகினதே ஒரு கொலக்கேஸோட முதுகுலதான்."

"அப்பா, போதும், சிரிக்க வைக்காதீங்க, மீட்டிங்ல இருக்கேன்." ஆனால் அவள்தான் சிரித்தாள். "சரி, கேளுங்க. பின்பக்கம் வேணாம்னு விட ஒரு வழி இருக்கு. வலதுபக்கம் மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கும் பாருங்க."

"புள்ளியா? அது கண்ணாடியில தூசின்னு நெனச்சு நேத்துலேருந்து மூணு தடவ தொடச்சேன்."

மறுபடி அந்தத் தலையில் அடிக்கும் சத்தம். "அத எழுதி வச்சுக்கறேன்," என்றாள். நிஜமாகவே எழுதும் சத்தமும் கேட்டது.

"புள்ளியெல்லாம் எனக்கு வேணாம். நான் வேற வழி பண்றேன்," என்று கைபேசியைச் சாய்த்து வைத்தார். மகள் தன் பக்கத்துத் திரையிலும் அதே அரட்டையைத் திறந்துகொண்டாள்.

புதுக்கட்டு ஒன்றைப் பிரித்தார். ஒன்பது வெள்ளைத்தாளை எண்ணி எடுத்துத் தட்டில் வைத்தபோது கை கொஞ்சம் கூசியது. சொந்தக் காரியத்துக்கு வெள்ளைத்தாள் எடுப்பது அவருக்குத் திருட்டு மாதிரி இருந்தது. ஒப்பந்தத்தின் முன்பக்கங்களை மட்டும் நகல் எடுத்தார். சூடாக வந்த தாள்களை முன்னும் பின்னுமாகப் படமெடுத்தார். ஒன்பது எழுத்துப் பக்கம், ஒன்பது பனிவெளி.

"வக்கீல் சார், நேத்து பேப்பர் மாறிப் போச்சு. மன்னிக்கணும். இப்பப் பாத்துச் சொல்லுங்க."

"அதுகிட்ட எதுக்குப்பா மன்னிப்பு?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

இந்தத் தடவை விடுதியும் இல்லை, நீச்சலும் இல்லை. 'பிரிவு 11: இடத்தைக் காலி செய்யக் கோர ஒரு மாத முன்னறிவிப்பு தேவை,' என்று வந்தது.

மகளின் சிரிப்பு நின்றது.  விடுதிவிதி போனால் என்ன, சொந்த ஒப்பந்தமும் அதையேதான் சொல்கிறது. அட்டைப்பெட்டிகள் வாசலோரம் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"இருங்கப்பா. இன்னும் வருது பாருங்க."

'ஆனால் இந்த வரியின்மேல் கையால் ஏதோ எழுதப்பட்டுள்ளது. என்னால் உறுதியாகப் படிக்க இயலவில்லை. தாளைப் பார்த்துத் தாங்களே படித்துச் சொல்ல முடியுமா?'

"அப்பா, நேத்தும் இதே தொனியிலதான் சொல்லுச்சு, அதனால அது சொல்றத விடுங்க. பதினொண்ண எடுத்து எனக்கு வாய்விட்டுப் படிங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா அங்க?"

அவர் ஐந்தாவது தாளை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தார். இருபத்தாறு வருடம் கட்டிப் போட்ட கண் சட்டென்று நடக்கவில்லை.

"கடை உரிமையாளர்... குத்தகைதாரரிடம்... இடத்தைத் திரும்பக் கோரினால்... ஒரு மாத... இல்ல, அது அடிச்சிருக்கு. ஒரு கோடு போட்டு அடிச்சிருக்கு. மேல எழுதியிருக்கு. ஆறு."

"ஆறா?"

"ஆறு மாத. ஆறு மாத முன்னறிவிப்பு. பக்கத்துல ரெண்டு சின்னக் கையெழுத்து. ஒண்ணு கிழவனாரோடது, சுருட்டிச் சுருட்டிப் போடுவாரு. இன்னொண்ணு என்னோடது." தாளை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தார். அந்த 'று' வலதுபக்கம் சாய்ந்து ஓடியது, பேருந்தைப் பிடிக்கப் போகிற மாதிரி. "பாப்பா, எழுதினது அம்மா."

 அவர் வீடியோவைப் போட்டு அந்த வரியைக் காட்டினார். இரண்டு பேரும் ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாள் அவருக்கு மெல்ல நினைவுக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முன், ஒப்பந்தம் புதுப்பித்த நாள். யாரோ ஒரு வக்கீல் அவசரமாகப் பத்து செட் கேட்டு நின்றார். இவர் ஒரு கையால் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு மறுகையால் அவள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அவளும் கிழவனாரும் மேசையோரம் என்னமோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். கிழவனார் கடைசியில் கையைத் தூக்கி, "சரிம்மா, உன்கிட்ட என்னால முடியாது," என்றார். அப்புறம் இவர், "என்ன பேசிட்டிருந்தே?" என்று கேட்டதற்கு, "சும்மா," என்றாள். அவரும் சும்மா என்றே நினைத்து ஆறு வருடம் இருந்துவிட்டார்.

"அப்பா."

"ம்."

"அதுக்குப் பதில் சொல்லுங்க. காத்துட்டிருக்கு."

அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆறு மாசம்னு எழுதியிருக்கு சார். எழுதினது என் சம்சாரம். ரெண்டு பேர் கையெழுத்தும் பக்கத்துல இருக்கு."

'நன்றி. இரு தரப்பும் ஒப்பமிட்ட திருத்தம் எனில், அது செல்லும் என்று வாதிட நல்ல வாய்ப்பு உண்டு. அசலிலும் அவ்வாறே உள்ளதா எனப் பார்த்து, ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளவும்.'

வழக்கறிஞருக்கு அவர் எங்கே போவது? மாலை நாலு மணிக்கு ஒரு வழக்கறிஞர் தானாகவே வந்தார். பன்னிரண்டு வருடமாக அதே ஓட்டத்தில் வரும் வக்கீலம்மா, "அண்ணே, மூணு செட், பறக்கணும்!" என்று கட்டைப் போட்டார். மூன்று செட்டும் ஓடி முடியும்வரை ஜெராக்ஸ்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி வேணுமாண்ணே?"

"இல்லம்மா. ஒரு பேப்பர். தப்பா நெனைக்கலைன்னா, ஒரே ஒரு வரி."

வக்கீலம்மா பறக்க வேண்டியதை மறந்தார். "பன்னெண்டு வருஷமா வர்றேன். இன்னைக்குத்தான் வாயத் தெறந்து ஒண்ணு கேக்கறீங்க. குடுங்க." நின்றபடியே வெள்ளைத்தாள் ஒன்பதையும் புரட்டினார். ஐந்தாவதில் நின்றார். "யாருண்ணே இத எழுத வச்சது?"

"வீட்ல."

"அவங்களுக்கு இந்தத் தெருவுல ஒரு நாற்காலி போட்டிருக்கணும். திருத்தம் சரியா இருக்கு, ரெண்டு பேர் ஒப்பமும் பக்கத்துலயே இருக்கு. அசல்லயும் இப்பிடியே இருந்துச்சுன்னா பேச்சே இல்ல. அசல் யார்கிட்ட?"

"மாப்பிள்ளகிட்ட."

"நாளைக்கு நேர்ல போய் அசலத் தெறந்து காட்டச் சொல்லுங்க. முரண்டு பிடிச்சா எனக்கு ஒரு போன் போடுங்க, வந்து நிக்கறேன். ஆமா, பதில்னு எதுவும் எழுதிக் குடுத்துடலையே?"

ஜெராக்ஸ்காரர் இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"கிழிங்க மொதல்ல!"

கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் சுத்த வெள்ளை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குறுக்கே இரண்டு கோடு இழுத்து நீலத்தட்டில் போட்டார். வக்கீலம்மா அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கடையைப் பாதி இறக்கிவிட்டு இரண்டாம் மாடிக்கு ஏறினார். மாப்பிள்ளையின் அறையில் குளிர்ச்சியாக இருந்தது. மேசைமேல் காகிதமே இல்லை, ஒரு கணினியும் ஒரு கைபேசியும் மட்டும். பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர்தான்.

"வாங்கண்ணே. பதில் கொண்டு வந்தீங்களா?"

"அதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தோட அசல ஒரு தடவ பாக்கணும்."

"அசலா? அதெல்லாம் நான் அப்பவே படமெடுத்து ஆப்புல போட்டுட்டேனே. ஒரு மாசம்னு சொல்லுச்சு. கடிதமும் அதுதான் எழுதிக் குடுத்துச்சு."

"எனக்கும் அப்பிடித்தான் சொல்லுச்சு," என்றார் ஜெராக்ஸ்காரர். "என்னை மொதல்ல ஹாஸ்டல்ல கூடச் சேத்துச்சு. நீங்க தாளப் படிச்சீங்களா?"

மாப்பிள்ளை கொஞ்சம் நெளிந்தார். "அதுக்குத்தானேண்ணே ஆப்பு."

இரும்பு அலமாரியைத் திறக்கச் சாவி தேடவே பத்து நிமிடம் ஆயிற்று. கிழவனார் எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். மூலைக்கடை ஒப்பந்தம் நடுவில் இருந்தது. ஜெராக்ஸ்காரர் ஐந்தாவது தாளை விரித்தார். அவரிடம் இருந்தது கறுப்பு. அசலில் அந்தச் சொல் நீலமாக, நேற்று எழுதியது போல இருந்தது.

மாப்பிள்ளை குனிந்து படித்தார். இரண்டாவது தடவை உதடு அசையப் படித்தார்.

"மாமா எங்கிட்ட இத சொல்லவே இல்லையே!"

"அவரா சொல்லிருக்க மாட்டாரு. தோத்த கதைய யாரு சொல்லுவா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். காப்பித்தண்ணீர்க் கடை வைக்க ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் அந்த மூலையைக் கேட்டு வந்திருந்தார்கள், அடுத்த மாதமே வேண்டுமாம். "ஆறு மாசம்னா அவங்க நிக்க மாட்டாங்க. பக்கத்துத் தெருவுலயே பாத்துடுவாங்க," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"உங்க இஷ்டம். நோட்டீஸ் குடுத்தா ஆறு மாசத்துல நான் காலி பண்ணித்தான் ஆகணும். இப்பவே குடுக்கறீங்களா?"

 கீழே தெருவிலிருந்து யாரோ, "ஜெராக்ஸ்காரரே! எங்கய்யா போனீரு?" என்று கத்துவது மாடிவரை கேட்டது. அதோடு இன்னொரு குரலும் சேர்ந்தது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பாதி இறக்கிய கதவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு நின்றார்கள்.

"எதுக்குண்ணே குடுத்துட்டு! வர்றவன் போயிட்டான்னா அப்புறம் ஆறு மாசம் கழிச்சு நான் யாரத் தேடுவேன்? நீங்களே இருங்க. அந்தக் கடிதத்த மறந்துடுங்க."

"மறக்கறதுக்கில்லீங்க. வாபஸ் வாங்கிட்டேன்னு எழுதிக் குடுங்க."

மாப்பிள்ளையின் கை கைபேசிக்குப் போனது.

"அது வேணாம். ரெண்டு வரிதான், கையாலயே எழுதிடுங்க."

பேனா தேடி, தாள் தேடி, மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஜெராக்ஸ்காரர் அதை மடிக்கவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை நிதானமாகப் படித்தார். கீழே இருந்தவர்கள் இன்னும் ஒரு தடவை கத்தினார்கள். அவர் அவசரப்படவில்லை. படித்து முடித்துத் தாளை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் சரிதான் மாப்பிள்ள. தேதிய மட்டும் போடாம விட்டுட்டீங்க."